காகிதம் காய இருபது வரி

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, லண்டன் ஹாரோ பக்கம் ஒரு சர்ச் ஹாலின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை காணக் கிடைக்கும். பதினோரு பேர், பாதிப் பேருக்கு என்னைப் போல வெளுத்த தலை, ஆளுக்கொரு ஈரக் காகிதத்தின் மேல் குனிந்துகொண்டு, பிரஷ்ஷை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி ஒரே குரலில் லத்தீன் கவிதை சொல்லிக்கொண்டிருப்போம். ஒருத்தரும் வரையமாட்டோம். கடைசி வரி முடிந்த நொடியில் பதினோரு பிரஷ்ஷும் ஒன்றாகக் காகிதத்தில் இறங்கும். ஒருமுறை என்னைக் கூட்டிப்போக வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “பஜனை முடியட்டும்னு நின்னேன்” என்றார் காரில்.

பஜனைதான், சந்தேகமே இல்லை. இரண்டு வருஷமாக நான் இந்தப் பஜனைக்கு அடிமை. பார்க்கிற எல்லாரிடமும் இதைப் பற்றியே பேசி, சொந்தக்காரர்கள் போனை எடுக்கத் தயங்கும் அளவுக்கு வந்துவிட்டேன். இப்போது எழுதியே தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வாட்டர்கலர் எனக்குப் புதிதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வேறொரு இடத்தில் ஆறு மாதம் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு கலங்கரை விளக்கத்தின் போட்டோவைக் கொடுத்து அதைப் பார்த்து வரையச் சொல்வார்கள். அடுத்த வாரம் வேறொரு கலங்கரை விளக்கம். வானத்துக்கு இந்த நீலம், கடலுக்கு அந்த நீலம் என்று நம்பர் போட்டிருக்கும். என் வானம் எப்போதும் சேறாகத்தான் முடிந்தது. ஏன் சேறாகிறது என்று கேட்டால், “நிறைய வரையுங்கள், வரும்” என்பார்கள். வரவில்லை. டப்பாவைக் கட்டிப் பரண்மேல் போட்டேன்.

அதை இறக்க வைத்தது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. “பிள்ளை, நான் படம் கீறப் போறன், நீரும் வாருமன். ஆனா ஒண்டு, அங்க லத்தீனும் படிக்க வேணும்” என்றார். ஏதோ கேலி என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அது நிஜம்.

எங்கள் ஆசிரியைக்கு எழுபதைத் தாண்டிய வயது. முப்பது வருஷம் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். வாரக் கடைசியில் தனக்காக வாட்டர்கலர் வரைந்தவர். ஓய்வுக்குப் பிறகு இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிட்டார். முதல் நாளே கரும்பலகையில் இரண்டு பெயர் எழுதினார். ஒன்று ஓவிட், ரோமானியக் கவிஞர். கி.மு. 43-இல் பிறந்து, கி.பி. 8-இல் கருங்கடல் கரைக்கு நாடுகடத்தப்பட்டவர். மற்றது பூஷே, பிரான்ஸ் அரசர் பதினைந்தாம் லூயி காலத்து ஓவியர். “இவர் எழுதியதை அவர் வரைந்தார், நாம் இரண்டையும் செய்யப்போகிறோம்” என்றார். அதற்குமேல் முன்னுரை கிடையாது. காகிதத்தை நனைக்கச் சொல்லிவிட்டார்.

நனைப்பது. என் சேற்று வானத்தின் ரகசியம் அங்கேதான் இருந்தது.

வாட்டர்கலரில் ஈரத்தின் மேல் ஈரம் என்று ஒரு வழி உண்டு. காகிதத்தை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, அந்த ஈரத்தில் நிறத்தை விடுவது. நனைத்தவுடன் காகிதம் கண்ணாடி மாதிரி மின்னும். அப்போது நிறத்தை விட்டால் அது பிடிமானம் இல்லாமல் நீந்தி ஓடிவிடும். கொஞ்ச நேரம் போனால் மினுமினுப்பு அடங்கி, எண்ணெய் தடவின தலைமுடி மாதிரி ஒரு மங்கல் பளபளப்பு வரும். அந்த இடைவெளிதான் வேளை. நிறம் தானாகப் பரவும், ஆனால் போட்ட இடத்தைவிட்டு ஓடாது. அதையும் தவறவிட்டுக் காய்கிற நேரத்தில் ஈர பிரஷ்ஷை வைத்தால், தண்ணீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிப் பூக்கோசு மாதிரி ஒரு கறை உண்டாக்கும். இங்கே எல்லாரும் அதைக் ‘காலிஃபிளவர்’ என்றே சொல்கிறார்கள். நான் அவசரக்காரி. எப்போதும் சீக்கிரமே விட்டுவிடுவேன், பிறகு பயந்துபோய்த் தொட்டுத் தொட்டுச் சேறாக்குவேன்.

அவர் சொன்ன மருந்து இதுதான்: காகிதத்தை நனை, பிரஷ்ஷில் நிறத்தை எடு, ஓவிட்டில் இருபது வரி சொல், பிறகு விடு.

கடிகாரம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். கடிகாரம் பார்ப்பவன் கடிகாரத்தைத்தான் பார்ப்பான், கவிதை சொல்கிறவனின் கண் காகிதத்தில் இருக்கும் என்றார். ஓவிட்டின் ஒரு வரியைச் சொல்ல எங்களுக்கு ஆறேழு நொடி ஆகும். இருபது வரி என்றால் இரண்டு நிமிஷத்துக்கு மேல். குளிர்காலத்தில் ஹாலின் ஹீட்டர் மக்கர் செய்கிற நாட்களில் முப்பது வரி வேண்டும். ஜூலை மாதம் பன்னிரண்டே போதும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாட்டி இட்லிப் பானையை ஏற்றிவிட்டுக் கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பிப்பாள். இன்ன இடம் வந்ததும் அடுப்பை அணைப்பாள். ஒருநாளும் இட்லி கல்லானதில்லை. அந்தப் பாட்டியின் பேத்திக்கு இது புரியாமல் போகுமா?

அன்றைக்கு முதல் முறையாக என் வானம் வானமாகவே காய்ந்தது. மேலே நீலம், கீழே ரோஜா, நடுவில் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பையில் வைக்க மனசு வராமல் கையில் ஏந்திக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

இனி அந்த வரிகளைப் பற்றி. ஓவிட்டின் ‘மெட்டமார்ஃபசஸ்’ 15 பாகம், ஏறக்குறைய 12,000 வரி. ஒவ்வொரு வரியிலும் ஆறு சீர். சீர் என்றால் நெடில்-குறில்-குறில், அல்லது நெடில்-நெடில். முதல் வகைக்கு டாக்டில் என்று பெயர். கிரேக்கத்தில் விரல் என்று அர்த்தம். உங்கள் ஆள்காட்டி விரலைப் பாருங்கள், ஒரு நீளக் கணு, இரண்டு குட்டைக் கணு. ஆசிரியை இதைச் சொல்லிவிட்டுக் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார். நெடிலுக்கு பிரஷ்ஷின் வயிறு காகிதத்தில் படும்படி அழுத்தி இழுக்க வேண்டும். குறிலுக்கு நுனியால் ஒரு தொடல். அழுத்து, தொடு, தொடு. அழுத்து, தொடு, தொடு. ஒரு வரி முடிவதற்குள் காகிதத்தில் ஒரு கிளை, இலையும் மொட்டுமாக வந்துவிட்டது. பூஷேயின் படங்களில் மரங்களைக் கவனியுங்கள், இந்தத் துள்ளல்தான் இருக்கும். தனித்தனி இலையை எண்ணி வரைந்த மரங்கள் இல்லை அவை.

அக்காவுக்கு அன்று பேச்சே நிற்கவில்லை. “உது எங்கட தேமாவும் கூவிளமும் தானே!” என்றார். தேமா நெடில்-நெடில், சரி. கூவிளம் என்பதில் கடைசி ‘ம்’மை விழுங்கிவிட்டால் நெடில்-குறில்-குறில், அதுவும் சரி. ஆசிரியையிடம் விளக்கினோம். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, லத்தீனிலும் கடைசி ‘ம்’ அப்படித்தான், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் முன்சொல்லின் கடைசி உயிரோடு சேர்ந்து கரைந்துபோகும் என்றார். அதற்கும் ஒரு பயிற்சி வைத்திருந்தார். ஒரு நிறத்தின் ஈர ஓரத்தைத் தொட்டபடி அடுத்த நிறத்தைத் தொடங்குவது, நடுவே கோடு விழாமல். நம் ஊரில் குற்றியலுகரம் கெடுகிற மாதிரி. பள்ளியில் புணர்ச்சி விதிக்குப் பயந்து காய்ச்சல் என்று லீவு போட்டவள் நான். ஐம்பது வருஷம் கழித்து அது என் பிரஷ் நுனியில் வந்து உட்கார்ந்தது.

சரி, எதற்கு ரொகோகோ, பூஷே காலத்து அந்த அலங்காரப் பாணி? இந்தக் கேள்வியை நானும் கேட்டேன். அந்தப் பெயரே பிற்காலத்தார் வைத்த கேலிப் பெயர். சிப்பியும் பாறையும் ஒட்டிய தோட்ட அலங்காரத்துக்கான பிரெஞ்சுச் சொல்லைத் திரித்து உண்டாக்கியது. பூஷே உயிரோடு இருந்தபோதே பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ தன் கலை விமர்சனங்களில் அவரை வறுத்தெடுத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை மூலையில் குண்டுக் குழந்தைகள் பறக்குமே, அந்த ரகம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆசிரியை வாதாடவில்லை. லேப்டாப்பில் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். 1767 முதல் 1771 வரை பாரிஸில் நான்கு பாகமாக வந்த ஓவிட். அபே பானியே மொழிபெயர்த்தது. லத்தீனும் பிரெஞ்சும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன, கதைக்குக் கதை செதுக்குப்படம். படம் போட்டவர்கள் பூஷே, எய்சன், கிராவ்லோ, இளைய மொரோ என்று ஊரிலிருந்த பெரிய கைகள் எல்லாம். நாங்கள் சனிக்கிழமை செய்கிற கூத்தை அவர்கள் அன்றைக்கே செய்து பைண்டும் பண்ணிவிட்டார்கள்.

ரொகோகோவைப் பிடித்ததற்குக் கைத்திறன் சார்ந்த காரணமும் உண்டு. அந்தக் காலத்து ஓவியர்கள் தைல வண்ணத்தில் பேர் வாங்கினாலும், அவர்களுடைய வாஷ் வரைபடங்களை, அதாவது மையைத் தண்ணீராகக் கரைத்துப் பூசியவற்றை, பார்க்க வேண்டும். வெனிஸ்காரர் தியெபொலோ, பிரெஞ்சுக்காரர் ஃப்ரகோனார். விறகடுப்புப் புகைக்கரியைத் தண்ணீரில் கரைத்து வடித்த பிஸ்டர் என்கிற பழுப்பு மைதான் ஃப்ரகோனாருக்குப் பிடித்தது. வெயில் அடிக்கிற இடத்தில் ஒன்றுமே போடமாட்டார். காகிதம்தான் வெயில்.

அதனால் அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒரு மாதம் எங்களுக்குப் பழுப்பு மட்டுமே. நான் முணுமுணுத்தேன். 12 பவுண்டு கொடுத்து வந்து டிகாக்ஷன் கலரில் வரையவா? மூன்றாவது வாரம் எங்களை விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே தியெபொலோவின் வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் படிப்பறையில் எடுத்து வைப்பார்கள். கண்ணாடிச் சட்டம் இல்லாமல், என் மூக்குக்கு ஓரடி தள்ளி, 1740-களின் கை. கறுப்புச் சாக்கில் தடவலாய் ஒரு கோடு, அதன்மேல் பேனா நடுங்கி ஓடியிருக்கிறது, அதன்மேல் வாஷ். ஒரு மேகம் முழுக்க இரண்டே இழுப்பு. ஒன்று வெளிறிய பழுப்பு, அது காய்ந்தபின் அடியில் ஒரு அடர் பழுப்பு. மேகத்தின் மேற்பகுதி தொடாத காகிதம். அந்தத் தொடாத காகிதத்தில்தான் ஒரு தேவதையின் முழங்கால் வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குப் பேனாவில் ஒரே ஒரு வளைவு. அவ்வளவுதான். நான் இருபது நிமிஷம் அந்த முழங்காலையே பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதன்பிறகு மூன்றே டியூபுக்கு அனுமதி கிடைத்தது. ரோஸ் மேடர், நேப்பிள்ஸ் மஞ்சள், பிரஷ்யன் நீலம். கடைசியது 1706 வாக்கில் பெர்லினில் யாரோ சிவப்புச் சாயம் காய்ச்சப்போய்த் தவறிப் பிறந்த நீலம். ரொகோகோ வானங்களில் அது கொட்டிக் கிடக்கிறது. அழகான நிறம்தான், ஆனால் ஒரு சொட்டு கூடினால் மற்ற இரண்டையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். அதனிடம் மாமியாரிடம் பழகுகிற மாதிரி பழக வேண்டும்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வாலஸ் கலெக்‌ஷன். மான்செஸ்டர் சதுக்கத்தில் பழைய ஹெர்ட்ஃபோர்ட் மாளிகை, உள்ளே போகக் காசு கிடையாது. அங்கே பென்சில் மட்டும்தான், தண்ணீர் கொண்டுபோக முடியாது. எல்லாரும் ஃப்ரகோனாரின் ஊஞ்சல் படத்தின் முன்னால் செல்ஃபி எடுப்பார்கள். நாங்கள் மாடிப்படிக்குப் போவோம். பூஷேயின் சூரியோதயமும் சூரிய அஸ்தமனமும் அங்கே. 1752-53-இல் வரைந்தவை, அரசரின் காதலி மதாம் த பொம்பதூருக்குப் போய்ச் சேர்ந்தவை. பாரிஸின் கோப்ளான் தறிகளில் சுவரில் தொங்கவிடும் சித்திரச் சீலையாக நெய்வதற்கான மாதிரி என்பதால் ஒவ்வொன்றும் பத்தடிக்கு மேல் உயரம். காலையில் சூரியதேவன் அப்பல்லோ கடலிலிருந்து கிளம்புகிறான். மாலையில் கடல்தேவி தேத்திஸிடம் திரும்புகிறான். ஓவிட்டின் இரண்டாம் பாகத்திலும் சூரியனின் குதிரைகளுக்குக் கதவைத் திறந்துவிடுபவள் இதே தேத்திஸ்தான். அந்தப் படிக்கட்டில் நின்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை விசித்திரமானது. நிறத்தை விட்டுவிடுங்கள், வெள்ளை எங்கே எங்கே என்று மட்டும் பென்சிலில் குறியுங்கள். பூஷே வெள்ளையை அப்பி வைத்தார், நமக்கு அது காகிதம். அவர் கடைசியாக வைத்ததை நாம் முதலிலேயே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மண்டைக்குள் ஏதோ உள்சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது.

அதே மாளிகையில் பூஷேயின் ‘ஐரோப்பா’ இருக்கிறது. தேவராஜன் ஜூபிடர் காளை வேஷத்தில் வந்து ஒரு ராஜகுமாரியைக் கடத்திக்கொண்டு போகிற கதை. படத்தில் அவள் பட்டும் பூமாலையுமாகக் காளை மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “கடத்திக்கொண்டு போகப் போறான், இவள் என்னெண்டா நல்லூர்த் தேருக்கு வெளிக்கிட்ட மாதிரி இருக்கிறாள்.” நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆசிரியை சிரிக்கவில்லை. ஓவிட்டைத் திறந்து அந்த இடத்தைப் படித்தார். அங்கே அவள் பயப்படுகிறாள், விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்க்கிறாள், ஒரு கை கொம்பைப் பற்றியிருக்கிறது, உடுப்பு காற்றில் படபடக்கிறது. “பூஷே விட்டுவிட்டதை நீங்கள் வரையுங்கள்” என்றார். அடுத்த வாரம் பதினோரு ஐரோப்பாக்கள், பதினோரு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு. இந்த விஷயத்தில் எனக்கும் பூஷேயோடு சண்டைதான். அவருடைய நிறத்தை எடுத்துக்கொள்கிறேன், பெண்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயத்தை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

எனக்கு மிகப் பிடித்த பாடத்தை இன்னும் சொல்லவில்லை. ஆறாம் பாகம், நெசவுக்காரி அராக்னி. அவள் தறியில் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுவதை ஓவிட் வானவில்லுக்கு ஒப்பிடுகிறார். ஆயிரம் நிறம் தெரிகிறது, ஆனால் மாறுகிற இடம் கண்ணில் சிக்குவதில்லை, ஒட்டியிருக்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, இரண்டு ஓரங்களையும் பார்த்தால் சம்பந்தமே இல்லை. வாட்டர்கலர் வாஷுக்கு இதைவிடச் சுத்தமான செய்முறைக் குறிப்பை நான் எங்கும் படித்ததில்லை. அடுத்த சனிக்கிழமை என் கல்யாணத்து மயில்கழுத்துப் பட்டைக் கொண்டுபோய் ஜன்னல் வெளிச்சத்தில் மடித்து மடித்துக் காட்டினேன். ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறம், மடிப்பு திரும்பும்போது நீலம் பச்சையாகிற இடத்தை யாராலும் விரலால் தொட்டுக் காட்ட முடியவில்லை. அன்று எல்லாரும் அந்தப் புடவையைத்தான் வரைந்தார்கள். ஆசிரியை அதன் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அராக்னி பகுதியை வாசித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈரத்தின் மேல் ஈரம் என்று அக்கா கிண்டலடித்தார்.

லத்தீன் எனக்கு எவ்வளவு வந்தது என்று கேட்காதீர்கள். வேற்றுமை உருபுகளில் இன்னமும் உதை வாங்குகிறேன். ஆனால் ஓவிட்டின் வரி எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. பல வரிகளில் பண்புச்சொல் தொடக்கத்திலேயே வந்துவிடும், அது யாரைப் பற்றியது என்று தெரிய வரிக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். நம் கொண்டுகூட்டுதான். ‘ஈரமான’ என்று கேட்டதும் மனசில் ஈரம் பரவுகிறது. எதன் மேல் என்று இன்னும் தெரியாது. பிறகு வந்து விழுகிறது ‘மரப்பட்டை’. டாஃப்னியைப் படித்த வாரம் இதைக் கையாலேயே செய்தோம். அப்பல்லோவிடமிருந்து ஓடுகிற டாஃப்னி லாரல் மரமாகும் இடம். நெஞ்சை மெல்லிய பட்டை மூடுகிறது, முடி இலையாகிறது, கை கிளையாகிறது, இத்தனை நேரம் பறந்த கால் வேராகிப் பிடித்துக்கொள்கிறது. தோளுக்கான ரோஜா வாஷை விட்டேன். வரிகளைச் சொன்னேன். பதினெட்டாவது வரியில் மினுமினுப்பு அடங்கியது. அடிப்பக்கத்திலிருந்து பழுப்பைத் தொட்டு வைத்தேன். அது தானாக மேலேறியது. இடுப்பு வரை போய், கொஞ்சம் தயங்கி, விலாவின் பக்கமாகப் பிரிந்து கிளையோடி நின்றது. நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. தொடாதே, தொடாதே என்று ஆசிரியை பின்னாலிருந்து சொன்னார். நான் தொடுவதாகவே இல்லை.

அந்தப் படம் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. இடது மூலையில் ஒரு காலிஃபிளவர் விழுந்திருக்கிறது. அதைக் கலை என்று சாதிக்கமாட்டேன், அது தப்புதான்.

அடுத்த சனிக்கிழமை எட்டாம் பாகம், பௌசிஸும் ஃபிலிமோனும். வீடு தேடி வந்த தெய்வங்களுக்கு இருந்ததைப் போட்டு உபசரித்த கிழத் தம்பதி. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் மரமாகிறார்கள். இரண்டு பச்சை ஒன்றையொன்று தொட வேண்டும், கலக்கக் கூடாது. அதற்கு இருபத்திரண்டு வரி மனப்பாடம் செய்ய வேண்டும். நேற்று ராத்திரி இட்லிப் பானைக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் தட்டோடு வந்து நின்றார்.

“இன்னும் எத்தனை வரி இருக்கு?”

நான் நிறுத்தாமல் நான்கு விரலைக் காட்டினேன். அவர் அடுப்புப் பக்கம் போய்த் திருகில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.